சொல்லாமல் திரும்பிய படகு

பல் டாக்டர் கறுப்பு ரப்பர் அடி வைத்த ஷூவோடு படகில் கால் வைத்ததுமே படகுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ரப்பர் வெள்ளைத் தரையில் கோடு கோடாக இழுத்துவிடும். தேய்த்துக் கழுவுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். வேறு யாராக இருந்தாலும், "ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருப்பார். இந்த ஆளிடம் எதைச் சொன்னாலும் அது சண்டையாகத்தான் வெளியே வரும் என்று தெரிந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் யாரோடும் சண்டை போடக் கூடாது. போட்டால் மகள் கையை விட்டுப் போய்விடுவாள். விஷயம் அவ்வளவுதான்.

"முன்னாள் மனைவி" என்ற வார்த்தை அவர் வாயில் நுழையாது. "பொண்ணோட அம்மா" என்றுதான் சொல்வார். பொண்ணோட அம்மா அவரை விட்டுப் போய், பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு, மகளையும் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். இப்போது பல் டாக்டருக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தை விட மனசில்லை. "நான் அப்பாகூட இருந்துக்கறேன்" என்று அவளாகவே சொன்னாள்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. படகுக் கொட்டகைக்கு மேலே அவர் இருந்த இரண்டு அறைகளில் உள் அறையில் கிடந்த கிழிந்த பாய்த்துணி, கயிற்றுச் சுருள், பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் கீழே இறக்கினார். சுவருக்கு வெளிர் நீலம் அடித்தார். மேஜை வாங்கிப் போட்டு அதன்மேல் படிக்கிற விளக்கு ஒன்றை வைத்தார். அந்த விளக்கைத் தினமும் போட்டுப் பார்த்து அணைப்பார். மகளிடம் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வந்தால் பார்க்கத்தானே போகிறாள் என்று இருந்துவிட்டார். அவர் சுபாவமே அப்படி.

மகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணுப்பா. நான் இங்க இருந்தா அம்மா என்னைப் பாக்க வருவா. அங்கிளும் வருவார். ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு கத்திக்கிட்டீங்கன்னா என்னால முடியாது. ஒரே ஒரு சாயங்காலம், எல்லாரும் ஒரே இடத்துல சண்டை இல்லாம இருந்து காட்டுங்க. மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன்."

"அப்போ படகுக்கு வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

தரையில்தான் அவருக்கு நாக்கு புரளாது. படகில் அவர் ராஜா. நடு ஆற்றில் யாருக்காவது கோபம் வந்தால் எழுந்து போக வழியில்லையே என்று யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. சூரியன் சாயும் நேரத்தில் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு, பாய்மரத்தில் பாய் விரித்து, நகரத்தின் நடுவே ஆற்றில் ஒரு சுற்றுப் போய் வருவதுதான் அவர் பிழைப்பு. தினமும் செய்கிற வேலைதானே என்ற தெனாவட்டு. படகின் முன்முனையில் கட்டிய சின்ன முன்பாயின் கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு உதவியாள் உண்டு. "இந்தக் கூத்தை அவன் வேற பாக்கணுமா?" என்று அன்றைக்கு அவனுக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். அவன் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏற்கெனவே பதிவு செய்திருந்த ஒரு வயதான தம்பதியும் வந்திருந்தார்கள். கணவர் ஏதோ கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி, வாங்கி நாளாகாத போனைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, பெரிய பாயின் அடியில் கட்டியிருந்த நீளமான அலுமினியக் கழியைத் தட்டிக் காட்டினார் படகுக்காரர்.

"இந்தக் கழியை நல்லாப் பாத்துக்குங்க. படகைத் திருப்பும்போது இது இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகும். ஆள் இருக்கா இல்லையான்னு பாக்காது. நான் 'திரும்புறோம்'னு கத்துவேன். எல்லாரும் குனிஞ்சு 'சரி'ன்னு சொல்லணும். அத்தனை பேர் 'சரி'யும் என் காதுல விழுந்தப்புறம்தான் திருப்புவேன்."

"கத்தறதுக்கு அவருக்குச் சொல்லியா தரணும்" என்றாள் பொண்ணோட அம்மா, ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

"அம்மா" என்றாள் மகள். அப்பாவுக்கு இடது பக்கம், படகைத் திருப்புகிற சுக்கான் கட்டையை ஒட்டினாற்போல் போய் உட்கார்ந்துகொண்டாள். அதில் படகுக்காரருக்கு வயிறு குளிர்ந்தது. பல் டாக்டர் அதைக் கவனிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு.

படகு துறையை விட்டு நகர்ந்தது. இரண்டு கரையிலும் ஆபீஸ் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. அவற்றின் கண்ணாடியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஆற்றில் காற்று ஒரு சீராக வராது. இரண்டு கட்டடத்துக்கு நடுவே சந்து கிடைத்தால் திடீரென்று பாய்ந்து வரும், அடுத்த கட்டடம் வந்ததும் செத்துப்போகும்.

"நீங்கள்லாம் ஒரே குடும்பமா?" என்று ஆசையாகக் கேட்டார் மேனேஜர்.

மகள் அப்பாவைப் பார்த்தாள், பொண்ணோட அம்மா கரையைப் பார்த்தாள். கடைசியில் பல் டாக்டர் சிரித்து, "ஆமா சார். ஒரு மாதிரி" என்றார். அந்த மனுஷனிடம் அதுதான் பிரச்சினை. யார் எதைச் சொன்னாலும் சிரிப்பார். கெட்டவனாக இருந்து தொலைத்தாலாவது ஒழுங்காக வெறுக்கலாம்.

"அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார் படகுக்காரர்.

மேனேஜர் அம்மா கணவரின் முழங்கையில் இடித்தார். மேனேஜர் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்.

பல் டாக்டர் விடுவதாக இல்லை. "கேப்டன், காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"மூஞ்சியில அடிக்கும்."

"உங்க அப்பாகிட்ட சொல்லு" என்றாள் பொண்ணோட அம்மா மகளிடம். "கேட்டதுக்கு மனுஷன் மாதிரி பதில் சொன்னா பாய் ஒண்ணும் கிழிஞ்சிடாதுன்னு."

"உங்க அம்மாகிட்ட சொல்லு, இங்க பதில் சொல்றது என் வேலை இல்ல, படகு ஓட்டறதுதான் என் வேலைன்னு."

மகள் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகுக்காரருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. இது சண்டையில் சேருமா சேராதா என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். சேராது என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

ஆற்றின் வளைவு வந்தபோது காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. எதிர்க்காற்றில் பாய்ப்படகு நேராகப் போகாது. கரைக்குக் கரை மாறி மாறித் திரும்பித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பாயின் கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்து மறுபக்கம் இழுக்க வேண்டும். உதவியாளை அனுப்பிவிட்ட புண்ணியவான், ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் கயிறுமாகத் திண்டாடினார். "திரும்புறோம்!" என்று கத்தினார். எல்லாரும் குனிந்து 'சரி' சொன்னார்கள். படகும் திரும்பியது. முன்பாய்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு சாய்ந்தது. மேனேஜர் அம்மா 'ஐயோ' என்றார். பின்னால் வந்த பயணிகள் படகு ஒன்று ஹாரன் அடித்து மானத்தை வாங்கியது.

பொண்ணோட அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள். "தள்ளு" என்று மகளை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் முழங்காலை ஊன்றிக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரே இழுப்பில் பாய் விறைத்து நின்றது.

இந்தப் படகில்தான் அவர்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்னால் படகுப் பந்தயங்களில் கலந்துகொண்டவர்கள். சுக்கான் அவர் கையில், முன்பாய் அவள் கையில். பந்தயத்தில் திருப்பப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் பக்கத்துப் படகுக்காரன் உஷாராகிவிடுவான். அதனால் அவர் கட்டை விரலால் சுக்கான் கட்டையை இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் கயிற்றை விட்டுக் குனிவாள். படகு திரும்பிவிடும். மற்றவர்கள் விழித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி வாங்கிய கோப்பைகள் இன்னும் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன.

பிறகு வீடு வந்தது. அந்த மனுஷன் வீட்டையும் இரண்டு தட்டில் ஓட்டப் பார்த்தார். பசிக்கிறது என்று சொல்ல மாட்டார். வருத்தம் என்று சொல்ல மாட்டார். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார். எல்லாம் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரியவில்லை என்றால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவார். அவளும் குனிந்து குனிந்து பார்த்து, ஒருநாள் நிமிர்ந்தாள். போய்விட்டாள்.

"இன்னும் இழு" என்றார் இப்போது. நேருக்கு நேர் அவளிடம் பேசியதை அவரே கவனிக்கவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சா இழு."

"நீங்க முதல்ல சுக்கானை நேரா பிடிங்க. குடிகாரன் மாதிரி போகுது படகு."

"இது சண்டை இல்ல, வேலை" என்று பொதுவாக அறிவித்தார் படகுக்காரர்.

அடுத்த திருப்பத்துக்குக் கத்தினார். கூடவே விரலும் தட்டியது. அதற்கடுத்த திருப்பத்துக்கும் கத்தினார். ஆனால் 'சரி'கள் வந்து சேர்வதற்குள் அவள் கயிற்றை விட்டிருந்தாள், படகு திரும்பியிருந்தது. ஒரு நொடி வீணாகவில்லை. கட்டடச் சந்தில் காற்று பாயப் போவது இருவருக்கும் ஒன்றாகவே தெரிந்தது. உதவியாளோடு எத்தனையோ சாயங்காலம் தடவித் தடவி ஏறிய வளைவை அன்று படகு வழுக்கிக்கொண்டு ஏறியது. இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. படகுக்காரருக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். அவளுக்கும் அப்படித்தான் என்று அவருக்குத் தெரிந்தது, அதில் இன்னும் சந்தோஷம்.

வளைவின் கோடியில் படகைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்கள். இப்போது காற்று முதுகுப்பக்கம். பெரிய பாயும் கழியும் ஒரு பக்கமாக முழுசாக விரிந்து நின்றன. சூரியன் பாலத்தின் வளைவுக்குள் சரியாக இறங்கியது.

"தம்பி, எங்க ரெண்டு பேரையும் அந்தச் சூரியனோட ஒண்ணு எடுத்துக் குடுக்கறீங்களா?" என்று மேனேஜர் அம்மா பல் டாக்டரிடம் போனை நீட்டினார்.

"அதுக்கென்னம்மா" என்று எழுந்து நின்றார் பல் டாக்டர். பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பாலத்துக்கு அடியிலிருந்து மணல் ஏற்றிய தட்டைப் படகு ஒன்று மெதுவாக மூக்கை நீட்டியது. விலகியாக வேண்டும். காற்றும் பலமாக வந்தது. படகுக்காரரின் கட்டை விரல் சுக்கான் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டியது. அவள் கயிற்றை விட்டுக் குனிந்தாள். அவர் திருப்பினார்.

கழி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சாகப் போனது. நடுவில் பல் டாக்டரின் தலை இருந்தது. கதவை அறைந்து சாத்தின மாதிரி ஒரு சத்தம். பல் டாக்டர் விழுந்தார். போன் ஆற்றில் விழுந்தது.

"என் போனு!" என்று அலறினார் மேனேஜர் அம்மா. அப்புறம் ரத்தத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

காதுக்கு மேலே பிளந்திருந்தது. மகள் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்த பார்வையை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"வேணும்னுதானே பண்ணீங்க?"

"ஐயோ, இல்லம்மா! நான் சொன்னேனே! 'திரும்புறோம்'னு சொன்னேனே!"

"இல்லைங்க" என்றார் மேனேஜர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "நீங்க ஒண்ணும் சொல்லல. நான் 'சரி' சொல்லவே இல்லையே."

"என் தப்புதான்" என்று பல் டாக்டர் கண்ணைத் திறக்காமல் முனகினார். "நான் எந்திரிச்சிருக்கக் கூடாது."

அந்த நிமிஷத்தில்தான் படகுக்காரர் அந்த ஆளை மனசார வெறுத்தார். தலையில் ரத்தம் ஒழுகும்போதுகூட நல்லவனாக இருக்க ஒருத்தனால் முடிகிறதே.

பாயை இறக்கி, மோட்டாரைப் போட்டுத் துறைக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் மோட்டார் சத்தம்தான். மேனேஜர் தம்பதி இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள், போனைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. பல் டாக்டரைத் துறைப் பலகையில் உட்கார வைத்தார்கள். காயம் ஆழமில்லை, தையல் போட்டால் போதும் என்று அவரே விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார்.

மகள் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது சிக்கிக்கொண்டு கழலவில்லை. படகுக்காரர் உதவப் போனார். அவள் ஒரு எட்டு பின்வாங்கினாள்.

அவர் பொண்ணோட அம்மாவிடம் திரும்பினார். அவருக்காகச் சாட்சி சொல்ல உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அது அவள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மகள் அவளோடு போய்விடுவாள். அவள் இடத்தில் தான் இருந்தால் வாயைத் திறக்க மாட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீ சொல்லு" என்றார். "உனக்குத் தெரியும்ல. சொல்லு."

அவள் துண்டை மடித்து ரத்தம் படாத பக்கத்தைப் புண்ணில் வைத்தாள். நிதானமாகத்தான் பேசினாள்.

"உங்க அப்பா வேணும்னு பண்ணல. கட்டையை ரெண்டு தட்டுத் தட்டினார். நான் கயித்தை விட்டேன். பழைய பழக்கம். அந்தப் படகுல நான் ஒருத்திதான் இருக்கேன்னு நெனச்சுட்டார். மத்தவங்க யாருமே அவர் ஞாபகத்துல இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும்தான் இல்ல."

பல் டாக்டரின் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. துண்டை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் படகுக்காரர் மகளிடம், ஜெயித்துவிட்டவர் மாதிரி. "வேணும்னு பண்ணலம்மா!"

மகள் அவரையே பார்த்தாள்.

"நான் எங்கப்பா உக்காந்திருந்தேன்?"

"என்னம்மா?"

"அந்தக் கழி போகும்போது நான் படகுல எங்க இருந்தேன்?"

"என் பக்கத்துலதான். இடது பக்கம்."

"அது படகுல ஏறும்போது."

அவர் யோசித்தார். ஆற்றில் எந்தச் சந்தில் எப்போது காற்று வரும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மகள் எப்போது எழுந்து போனாள், எந்தப் பக்கம் போனாள், ஒன்றும் ஞாபகமில்லை. பொண்ணோட அம்மாவைப் பார்த்தார். அவள், "முன்னால..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"என் காலடியில" என்றார் பல் டாக்டர். "குளிருதுன்னு சொன்னா. என் கோட்டைப் போத்திக்கிட்டுக் கீழ உக்காந்திருந்தா. அதனால தப்பிச்சா."

மகள் ஜாக்கெட்டைத் தலைவழியாக உருவிப் பலகையில் வைத்தாள். பல் டாக்டரின் கையைப் பிடித்து எழுப்பி, தெருவில் நின்ற காரை நோக்கி மெதுவாக நடத்திக்கொண்டு போனாள். அவள் அம்மா கொஞ்சம் தள்ளி, தனியாகப் பின்னால் நடந்தாள்.

படகுக்காரர் கூடவே ஓடினார். அவருக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அந்த மனுஷனுக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"உனக்கு ரூம் ரெடி பண்ணி வச்சிருக்கேன்! உனக்குப் பிடிச்ச நீலம் அடிச்சிருக்கேன். மேஜை இருக்கு, விளக்கு இருக்கு, எல்லாம் இருக்கு!"

மகள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டகைக்கு மேலே இருந்த ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியா?" என்று கத்தினார். துறையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீ கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்!"

"சரி" என்றாள் மகள். குனிந்து காரில் ஏறிக்கொண்டாள்.